நாம் செய்த பிழை

அரிதாரம் காய்ந்தால் முகத்தோல் இப்படி இழுக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு அறையில், பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். உதட்டில் சாயம். தலையில் ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம். ராமநாதபுரம் கோர்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கறுப்புக் கோட்டு போட்டவன், ஐம்பத்தெட்டு வயதில் ராஜா வேஷம் கட்டிக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன்.

எதிர் பெஞ்சில் வேலாயுதம். நாடகத்தில் அவர் மடைக்காரன். நாலு முழ வேட்டி, தோளில் துண்டு, பக்கத்தில் ஒரு மண்வெட்டி. ஒப்பனைக்காரர் பவுடர் டப்பாவோடு வந்தபோது, "மடைக்காரனுக்கு எதுக்குய்யா பவுடரு? வெயிலு போட்டு விட்டதே போதும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வெளியே மைக்கில் யாரோ ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஐந்தரை. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"சின்னய்யா" என்றார். அவருக்கு வயது எழுபத்து மூன்று. எனக்கு அவர் வைத்த பெயர் மட்டும் இன்னும் வளரவில்லை. "இன்னைக்கு என்ன சொல்லப் போறீக?"

"நோட்டுல என்ன இருக்கோ அதச் சொல்லப் போறேன்."

"நோட்டுல என்ன இருக்கு?"

நான் கிரீடத்தைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

பெரிய வீட்டு வேஷம்

எங்கள் ஊர் முதுகுளத்தூருக்கும் உத்தரகோசமங்கைக்கும் நடுவில் இருக்கிறது. பஸ் நிற்கும், டிரைவருக்கு மனசு இருந்தால். மழையை நம்பி விவசாயம், மழை கைவிட்டால் ஆடு. ஊர் பெருமைப்பட்டுக்கொள்ள இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒரு பெரிய கண்மாய், ஒரு பழைய நாடகம்.

நாடகத்தின் பெயர் ‘மடைக்காரன்’. யார் எழுதியது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கதை சின்னதுதான். ஒரு ராஜா. தெப்பத் திருவிழா என்றால் அவருக்கு உயிர். தெப்பம் உயர மிதக்க வேண்டும் என்று, கண்மாய் நிரம்பி வழிந்தும் மடையைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போடுகிறார். கரை உடைகிறது. ஊர் மூழ்குகிறது. பழி மடைக்காரன் தலையில் விழ, ராஜாவே அவனைச் சிறையில் போடுகிறார். கடைசிக் காட்சியில் சபை நடுவே அவன் கையைப் பிடித்து, "மடைக்காரா, நாம் செய்த பிழை" என்கிறார். அவன், "இல்லை மன்னா, அடியேன் பிழை" என்று காலில் விழுகிறான். ராஜா அவனைத் தூக்கி நிறுத்திப் பொன்னாடை போர்த்துகிறார். ஊரே கைதட்டும்.

சின்ன வயதில் அந்த இடத்தில் எனக்கு அழுகை வரும். ராஜாவின் பெருந்தன்மையை நினைத்து! ஊரை மூழ்கடித்த மனிதர் ஒரே வரியில் தப்பித்துவிடுகிறார், அந்த ஒரு வரியிலும் பாதியை மடைக்காரனே வாங்கிச் சுமக்கிறான் என்பது என் மண்டையில் ஏற நாற்பது வருஷம் ஆயிற்று.

ராஜா வேஷம் எங்கள் வீட்டுக்கு உரியது. தாத்தா கட்டினார், பிறகு அய்யா கட்டினார். அய்யாவுக்குப் பாட வராது. பாட்டின் நடுவே இருமல் வந்தால் ஹார்மோனியக்காரர் அந்த இருமலுக்கும் சுருதி சேர்ப்பார். அத்தனை நிலம் வைத்திருப்பவர் இருமினாலும் அது ராகம்தான்.

அய்யாவுக்கு எதிரில் மடைக்காரனாக நின்றவர் வேலாயுதம். அந்தக் குரலுக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டி வருவார்கள். வெளியிலும் அவருக்கு அதே வேலைதான். ஊர்க் கண்மாயின் மடையைத் திறந்து அடைக்கிற நீர்பாய்ச்சி அவர்தான். அறுவடையில் வயலுக்கு ஒரு கதிர்க்கட்டு அவருக்குப் போகும்.

இங்கே அவரை ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவர் ‘ஏலே வேலு’தான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை ஐந்து வயதிலேயே நான் வாடா போடா என்று கூப்பிட்டேன். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை.

கண்மாய் உடைந்த வருஷம்

அப்போது எனக்கு இருபது வயது. மதுரையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். லீவில் ஊருக்கு வந்திருந்த நேரம், மூன்று நாளாக விடாத ஐப்பசி மழை. அய்யா ஒரு கல்யாணத்துக்கு ராமநாதபுரம் போயிருந்தார். அவர் இல்லாதபோது வீட்டுக்கு நான்தான் பெரிய மனிதன். மதியம் குடையோடு கண்மாய்க் கரையில் போய் நின்றேன்.

வேலாயுதம் நனைந்துகொண்டே ஓடி வந்தார். அவர் மனைவி ராக்கு, அவருக்குக் கொண்டுவந்த கஞ்சித் தூக்கோடு மடை மேட்டில் நின்றிருந்தார்.

"சின்னய்யா, கலுங்கு வழியா முடிஞ்ச மட்டும் தண்ணி போகுது, பத்தல. கெழக்கால கரை கசியுது. மடையத் தெறந்து விட்டாத்தான் தாங்கும். தெறக்கவா?"

"வேண்டாம். அய்யா வரட்டும்" என்றேன்.

நாலு மணிக்குக் கிழக்குக் கரை உடைந்தது. தண்ணீர் நேராகக் கீழத்தெருவுக்குள் போனது. எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது, வாசல்படியைக்கூடத் தொடவில்லை. உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆடுகளை உயிரில் சேர்க்கவில்லை. வேலாயுதம் வீட்டு மண்சுவர் ராக்குவின் இடுப்பின்மேல் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் நேராக நடந்ததில்லை.

மறுநாள் பிள்ளையார் கோவில் முன்னால் ஊர் கூடியது. அய்யா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் பின்னால் நின்றேன். அந்தக் கூட்டத்தில் காலில் செருப்போடு இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஏலே வேலு, மடைய ஏன்டா தெறக்கல?" என்றார் அய்யா.

வேலாயுதம் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். வார் ஒன்று பிய்ந்திருந்தது, இன்னும் ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

"அசந்துட்டேன் அய்யா" என்றார் அவர்.

அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. நீர்பாய்ச்சி வேலை போயிற்று. ஊர் அவருக்கு ஒரு பெயர் வைத்தது, ‘அசந்த வேலு’. சின்னப் பிள்ளைகள்கூடத் தெருவில் கூப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் அவர் ராக்குவைக் கூட்டிக்கொண்டு தேவிபட்டினத்துக்குப் போய்விட்டார். ஊரில் அந்த நாடகமும் நின்றுபோயிற்று. உடைந்த கண்மாயை வைத்துக்கொண்டு யாருக்கு நாடகம் போடத் தோன்றும்?

அதற்குப் பிறகு எத்தனையோ பேரைக் கூண்டில் நிறுத்தி, ‘உண்மையைச் சொல்லுங்கள்’ என்று மிரட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு நாக்கு கூசவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

நோட்டீஸில் ஒரு பெயர்

சமீபத்தில் கண்மாயைத் தூர்வாரினார்கள். அடுத்த மழையில் அது நிரம்பியது. இளவட்டங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை, பங்குனிப் பொங்கலுக்குப் பழைய நாடகத்தைப் போடுவதென்று முடிவு செய்தார்கள். பரமக்குடியிலிருந்து நாடக வாத்தியார் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். மடைக்காரன் பாட்டுகளின் மெட்டு மட்டும் யாருக்கும் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டு தேவிபட்டினத்துக்கே போயிருக்கிறார்கள். வேலாயுதம் அங்கே கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோவிலுக்கு வருகிறவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு கடற்கரையோரம் உட்கார்ந்திருந்தாராம்.

அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ராஜா வேஷம் பெரிய வீட்டுலதான் கட்டணும். அய்யா இல்ல. சின்னய்யா இருக்காகல்ல?"

இளவட்டங்களுக்கு அது விசுவாசமாகத் தெரிந்திருக்கிறது. போனில் என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள், "இன்னும் உங்க வீட்ட மறக்கலங்கய்யா." மறக்கவில்லை என்பது எனக்கும் புரிந்தது. முடியாது என்று சொல்லக் காரணம் தேடினேன். கேஸ், முழங்கால் வலி, தொண்டை. எதுவும் எடுபடவில்லை.

நாலு நாள் கழித்து வாட்ஸப்பில் நோட்டீஸ் வந்தது. ராஜா: எங்கள் வீட்டுப் பட்டப்பெயரோடு என் பெயர். கீழே, மடைக்காரன்: திரு. அசந்தவேலு.

போனில் கத்தினேன். "யாருப்பா இப்படி அச்சடிச்சது?"

"அவரு பேரு அதானங்கய்யா? எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக." பையனுக்கு நிஜமாகவே குழப்பம். "சந்தனவேலுன்னு இருக்குல்ல, அது மாதிரின்னு நெனச்சோம்."

அவன் பிறப்பதற்கு முன்பே நடந்தது. அவனைத் திட்டி என்ன செய்ய? ஒரு கேலி, ஊர் வாயில் கிடந்து கிடந்து, மரியாதையாகத் ‘திரு’வும் போட்டுக்கொண்டு அச்சில் ஏறிவிட்டது. அதற்கு விதை போட்டவன் நான்.

ஒத்திகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. முப்பத்தெட்டு வருஷம் கழித்து அவரை அன்றுதான் பார்த்தேன். ஒடுங்கியிருந்தார், குரல் மட்டும் அப்படியே இருந்தது. ‘வாங்க’ என்று சொல்வதா, ‘வா வேலு’ என்பதா என்று தெரியாமல் வெறுமனே தலையாட்டினேன்.

கடைசிக் காட்சிக்கு வந்தோம். "மடைக்காரா, நாம் செய்த பிழை" என்றேன்.

வேலாயுதம் பதில் வசனம் சொல்லவில்லை. வாத்தியாரிடம் திரும்பினார்.

"வாத்தியாரே, இங்கன தப்பா இருக்கு. ‘நான் செய்த பிழை’ன்னுதான் எங்க மாமன் மடைக்காரன் கட்டுன காலத்துல பாடம்."

"ராஜான்னா ‘நாம்’னுதான பேசுவாரு?" என்றார் வாத்தியார்.

"மத்த எடத்துல பேசட்டும். உத்தரவு போடுறப்ப பேசட்டும். அவன் கையப் புடிச்சுக்கிட்டு ‘நாம் செய்த பிழை’ன்னா, அவனும்ல கூட்டுச் சேந்து செஞ்ச மாதிரி ஆகுது?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். படித்தவன் தீர்ப்புச் சொல்ல வேண்டும். "இலக்கணப்படி அரசன் ‘நாம்’ என்று சொல்வது சரிதான்" என்றேன். வாத்தியாரும், நோட்டில் உள்ளபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மதியம் வேப்பமரத்தடியில் சாப்பாடு. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "உங்க நெலத்துல குடிசை. உங்க அய்யா நாக்காலில இருக்காக, நீங்க பின்னால நிக்கிறீக. நான் சொன்னா யாரு நம்புவா? நம்புனாலும் யாரு ஒத்துக்கிருவா? நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன். சொல்லல. சரி, நாளைக்குச் சொல்லுவீகன்னு பாத்தேன்." ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "இப்ப எனக்கு நெஞ்சு வலி இருக்கு சின்னய்யா. ரொம்ப நாளைக்குப் பாக்க முடியாது."

நீலப் பென்சில்

அன்று சாயங்காலம் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைத் திறந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய நாடக நோட்டை எடுத்தேன். வாத்தியாரிடம் இருந்தது, அந்தக் காலத்தில் ஊரில் யாரோ இதைப் பார்த்து எழுதி வைத்த நகல்தான். மூல நோட்டைப் பிரித்தால் அந்துருண்டை வாசம். கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

‘மடைக்காரா, நான் செய்த பிழை.’

கறுப்பு மையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ‘ன்’ மேல் ஒரு நீலக் கோடு, பக்கத்தில் நீலத்தில் ‘ம்’. பத்திரம், கடிதம், என் ரேங்க் கார்டு என்று எதைத் திருத்தினாலும் அய்யாவின் கையில் இருந்த அதே நீலப் பென்சில்.

வேஷத்தில்கூட, கீழத்தெருவுக்கு முன்னால், ‘நான்’ என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்துக்குப் பின்னால்தான் நான் ஒத்திகையில் ஒளிந்துகொண்டேன். அய்யா மேல் கோபமாக வந்தது. அவர் மேல் கோபப்படுவது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்றும் தெரிந்தது.

மேடை

பத்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்று போலீஸ் நிபந்தனை. ஆறு மணிக்கே தொடங்கிவிட்டோம். எட்டுக்கெல்லாம் கடைசிக் காட்சி.

கூட்டம் நிறைய. எங்கள் தெருக்காரர்கள் ஒரு பக்கம், கீழத்தெருக்காரர்கள் ஒரு பக்கம். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு ராக்கு.

வேலாயுதத்தின் கையைப் பிடித்தேன். காய்த்துப்போன கை.

"மடைக்காரா, நாம் செய்த பிழை."

பழக்கம் வென்றுவிட்டது. இல்லை, பயம். அவர் "அடியேன் பிழை" என்று சொல்ல வேண்டிய இடம். சொல்லவில்லை. ஹார்மோனியம் ஒருமுறை சுற்றி வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார், "அடியேன்... அடியேன் பிழை" என்று அடிக்குரலில் எடுத்துக்கொடுத்தார். வேலாயுதம் என் முகத்தையே பார்த்தார். என் கையையும் விடவில்லை. பிள்ளையார் கோவில் முன்னால் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை நான் கீழே பார்த்தால் ஜிகினாச் செருப்பு.

"நான் செய்த பிழை" என்றேன்.

கைதட்டல்! விசில் பறந்தது. "என்னமா நடிக்கிறாரு!" என்று யாரோ கத்தினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெரிய வீட்டுக்காரன் தன் குற்றத்தைச் சொன்னாலும் அதற்கும் பாராட்டுத்தான்.

வேலாயுதம் மைக்குக்குக் கேட்காமல் சொன்னார். "ராஜா சொல்லிட்டாரு. நீங்க எப்ப சொல்லப் போறீக?"

கிரீடத்தைக் கழற்றினேன். மைக் பக்கம் நகர்ந்தேன்.

"இது நாடகத்துல இல்ல" என்றேன். சிலர் சிரித்தார்கள். "கம்மா ஒடஞ்ச வருஷம் வேலாயுதம் அண்ணன் அசரல. தண்ணி ஏறுது, மடையத் தெறக்கவான்னு என்கிட்ட வந்து கேட்டாரு. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். மறுநா பஞ்சாயத்துல வாயத் தெறக்காம நின்னேன். அப்ப எனக்கு இருபது வயசு. அய்யா மேல பயம்..."

அண்ணன் என்று என் வாயில் வந்துவிட்டது. சிரிப்பு நின்றிருந்தது. சொல்லிவிட்டோம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

"மொளகாயச் சொல்லலையே."

ராக்கு. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

வாசகர்களே, கண்மாய் உடைந்த நாளைப் பற்றி மேலே நான் எழுதியதைத் திரும்பப் பாருங்கள். ‘வேண்டாம், அய்யா வரட்டும்’ என்று நிறுத்தியிருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷமாக எனக்கே நான் அந்த இடத்தில்தான் நிறுத்தி வைத்திருந்தேன். அதற்கு மேலும் ஒரு வாக்கியம் சொன்னேன். மடைக்கு நேர் கீழே எங்கள் நாலு ஏக்கர். நட்டு இருபது நாள் ஆகாத மிளகாய்.

‘தெறந்தா நம்ம மொளகா பூராம் அழுகிப்போகும்’ என்றேன்.

நம்ம மொளகா. எங்கள் பக்கத்தில் வேலை செய்கிறவர்களிடம் இப்படித்தான் பேசுவோம். நம்ம வயல், நம்ம மாடு, நம்ம மொளகா. அதில் ஒரு செடிகூட அவருக்குச் சொந்தமில்லை. கஞ்சித் தூக்கோடு நின்ற ராக்கு அதைக் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலமே அவர் இடுப்பின்மேல் சுவர் விழுந்தது.

"சொல்லுங்க" என்றார் ராக்கு. "நம்ம மொளகான்னீகளே."

மைக்கைப் பிடித்தேன்.

"எங்க மொளகா" என்றேன். "எங்க வீட்டு மொளகா அழுகிரும்னுதான் தெறக்க வேண்டாம்னேன். கெழக்கால கரை கசியுதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். கீழத்தெரு முங்குச்சு. அந்த வருஷம் எங்க மொளகாயில ஒரு செடி அழுகல."

யாரும் கைதட்டவில்லை. எங்கள் தெருப் பக்கம் என் பங்காளி ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர் போனார்கள். கீழத்தெருப் பக்கம் ஒருவரும் அசையவில்லை.

வேலாயுதம் என் கையை விட்டார். ஹார்மோனியக்காரரிடம் திரும்பி, "சுருதி குடுங்க" என்றார். அடுத்த பாட்டைப் பாடினார். ‘அடியேன் பிழை’ என்ற வரியை அன்று யாரும் சொல்லவில்லை.

பேனா

நாடகம் முடிந்து, அரிதாரம் பாதி கலைந்த முகத்தோடு பள்ளிக்கூட வராந்தாவுக்கு வந்தேன். ராக்கு ஆட்டோவுக்காகக் காத்திருந்தார். வேலாயுதம் வண்டி பிடிக்க ரோட்டுக்குப் போயிருந்தார்.

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த நோட்டீஸை எடுத்து நீட்டினார்.

"இதுல அவுக பேரு தப்பா இருக்காம்ல. எனக்குப் படிக்கத் தெரியாது. திருத்திக் குடுங்க."

பேனாவை எடுத்தேன். ‘அசந்தவேலு’வைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் இடமில்லை, மேலே எழுதினேன். அய்யா ‘ன்’ மேல் போட்ட கோடு ஞாபகம் வந்தது. என் கையெழுத்தும் அவர் கையெழுத்து மாதிரிதான் சாயும்.

கொடுத்தேன். ராக்கு காகிதத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"வாசிங்க."

"வேலாயுதம்" என்றேன்.

"கேக்கல. சத்தமா வாசிங்க."

வராந்தாவில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி வாசித்தேன்.